தீர்த்தவாரியும் சண்டே ட்ரிப்பும்: கடற்கரைக்குச் சும்மா போன கதை

கல்யாணமாகி ஆறு மாசம் ஆன ஜோடி வேங்கிக்காலில் இருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் கிளம்பி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி போய், கடலைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பி வருவது இப்போது சர்வ சாதாரணம். நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் கேள்வி வரும்: "இன்னைக்கு என்ன அமாவாசையா, எதுக்குக் கடலுக்குப் போறீங்க?" "சும்மாதான் பாட்டி" என்ற பதில் அவருக்குப் புரியாது. அந்தச் "சும்மா"வுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறேன்.

பாட்டியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உள்நாட்டுக்காரர்களான நமக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை, அஸ்தி கரைப்பது, மாசி மகம். மனுஷனுக்கு முன்னால் சாமிதான் கடற்கரைக்கு ட்ரிப் போயிருக்கிறது. மாசி மகத்தன்று பாண்டிச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும் வந்து சேருகிறார்கள். நம் அண்ணாமலையார் மட்டும் அன்று கடலுக்குப் போவதில்லை. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாக நின்று திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்.

இத்தனைக்கும் திருவண்ணாமலை ஒரு காலத்தில் கடல் உள்ள மாவட்டத்தில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இது தென்னாற்காடு மாவட்டத்துத் தாலுகா, தலைமையிடம் கடலூர். 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியரில் நம் ஊரும் இருக்கிறது. 1911இல் வடாற்காட்டோடு சேர்த்தார்கள், 1989இல் தனி மாவட்டம் ஆனது. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் வேலையாகக் கடலூர் போனவர்கள் கடலைப் பார்த்திருப்பார்கள்தான். கடலைப் பார்க்கவென்றே போயிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் ஜோடியாகக் கடற்கரைக்குப் போய்ப் பொழுதைக் கழிப்பது மேல்நாட்டு இறக்குமதியா? இல்லை. தமிழில் அதற்கு ஒரு பழைய சாட்சி சிலப்பதிகாரம். இந்திர விழா முடிகிற சமயம், புகார் நகரமே கடலாடக் கிளம்புகிறது. கோவலன் கோவேறு கழுதையில் ஏறிக்கொள்கிறான், மாதவி வண்டியில். கடற்கரையில் புன்னை மர நிழலில், ஓவியம் தீட்டிய திரைச்சீலையைச் சுற்றிக் கட்டி, மேலே விதானம் போட்டு, யானைத் தந்தக் கால் வைத்த கட்டிலில் உட்காருகிறார்கள். கையில் யாழ். இதைவிட ரிலாக்ஸான ஏற்பாடு இன்றைய ரிசார்ட்டிலும் கிடைக்காது.

எனக்கு அந்தக் காதையில் அதிகம் பிடித்தது, கரையில் எரியும் விளக்குகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடையாளம் சொல்வது. வண்ணமும் சாந்தும் பூவும் விற்பவர்களின் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு விற்பவர், அப்பம் சுடுபவர், மீன் விற்பவர், வேற்று மொழி பேசும் வெளிநாட்டுக்காரர், கூடவே கலங்கரை விளக்கம். பஜ்ஜிக்கடை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மெரினாவைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது. ஆனால் அந்த ட்ரிப் நல்லபடியாக முடியவில்லை. கானல்வரிப் பாட்டில் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். இவள் மனதில் வேறொருவன் என்று நினைத்த கோவலன் எழுந்து போய்விட்டான். மாதவி தனியாக வண்டியேறி வீடு திரும்பினாள். மதுரை எரிந்த கதைக்கு முதல் பொறி ஒரு பீச் அவுட்டிங்கில் விழுந்தது என்றே சொல்லலாம்.

இன்றைய மெரினாவுக்கு வருவோம். மெட்ராஸ் கடல் உல்லாசத்துக்கு ஏற்ற கடலாகவே இருந்ததில்லை. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் பயணிகள் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்தார்கள். 1870களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். நம் கிழக்குக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தேங்கியது. முன்பு சாலைக்குப் பக்கத்திலேயே இருந்த கடல் பின்வாங்கி, அகலமான கடற்கரை உருவாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது. ஆக, மெரினாவின் அந்த அகலம் யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவந்ததல்ல. கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் அங்கே நடைபாதை அமைத்து, சிசிலித் தீவின் பலெர்மோ நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார்.

ஆனால் அந்த மணல் ஏற்கெனவே யாருடைய இடமோ. அயோத்திக்குப்பம், நடுக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள் அங்கே உண்டு. 1985இல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப்போய், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மீனவர்களின் உயிர் போனது. நாம் காற்று வாங்குகிற இடம் இன்னொருவருக்கு வலை உலர்த்துகிற இடம். அழகு என்ற பெயரில் நடந்த அந்த அநியாயத்துக்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை.

கடற்கரை விடுமுறை என்றாலே எல்லோரும் ஆஸ்திரேலியாவைச் சொல்வார்கள். அங்கேயும் அது தானாக வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிட்னியில் பகல் நேரத்தில் பொதுமக்கள் கண்ணில் படும்படி கடலில் குளிப்பது சட்டப்படி குற்றம். 1902 அக்டோபரில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், தன் பத்திரிகையில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மேன்லி கடற்கரையில் பட்டப்பகலில் இறங்கிக் குளித்தார். மறு வருஷமே மேன்லியில் தடை தளர்ந்தது. கூட்டம் வந்தது, கூடவே சாவும் வந்தது. 1907இல் பாண்டி கடற்கரையில் உயிர்காக்கும் தொண்டர் சங்கம் அமைந்தது (நம் பாண்டி இல்லை, சிட்னி பாண்டி). 1938 பிப்ரவரி 6 அன்று அங்கே வரிசையாக எழுந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே இழுத்தன. 200க்கும் மேற்பட்டோரைத் தொண்டர்கள் மீட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். அவ்வளவு பேர் பிழைத்ததற்குக் காரணம் அன்று கரையில் கயிறும் உருளையுமாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்ததுதான்.

நம்மிடம் இருப்பது நினைவுச் சின்னம். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாக நிற்கும் வளைவின் முன்னால் செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. 1930 டிசம்பர் 30 அன்று நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது அது. உள்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வேங்கிக்கால் ஏரியில் நீச்சல் பழகியவருக்கு அலைக்கு அடியில் உள்நோக்கி இழுக்கும் ஓட்டம் தெரியாது. ஏரி அப்படி இழுக்காது.

இன்னொரு விஷயம் லீவு. சம்பளத்தோடு விடுமுறை இல்லாவிட்டால் ஓய்வான விடுமுறை ஏது? சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு வருஷம் 2 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. இங்கே 1948 தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு 1 நாள் தந்தது. அதற்கு முன்பே, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மெட்ராஸ் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தி, அந்த நாளை விடுமுறையாக்கக் கேட்டார். அவர் பிறந்தது அயோத்திக்குப்பத்து மீனவர் குடும்பத்தில். ஓய்வுக்கான கோரிக்கை கடற்கரையில் எழுந்தது பொருத்தம்தான். ஆனால் நம் ஊர் மளிகைக் கடைப் பையனுக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அந்தச் சட்டங்கள் இன்னும் எட்டவில்லை. அவர்களுக்கு லீவு என்றால் அன்றைய கூலி போச்சு.

மணல் கதையில் ஒரு பாக்கி. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் உலகப் புகழ் பெற்ற கடற்கரை. 1960களில் அதன் தெற்கே ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை நீட்டியதும், வடக்கே போகும் மணல் தடைபட்டுக் கரை கரைந்தது. 2001 முதல் பம்ப் வைத்து மணலைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பாண்டிச்சேரியிலும் இதே கதைதான். 1980களின் பிற்பகுதியில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன, நகரத்தின் மணல் போயிற்று, கருங்கல் மட்டும் மிஞ்சியது. ஒரு தலைமுறையே அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்தது. 2018-19 வாக்கில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டைப் போட்டது. அதன்பின் அங்கே மணல் மறுபடி சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் ஜோடிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது அந்த மணலில்தான்.