யுனிக்ஸின் 2238-ஆவது வரி

நிரலுக்குள் எழுதும் கமெண்டை கம்பைலர் கண்டுகொள்ளாது. அது பின்னால் வந்து படிக்கப்போகிற மனுஷனுக்காக எழுதுவது. அதில் எதை எழுதணும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கு.

1975இல் பெல் ஆய்வகத்திலிருந்து யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ், அதன் கெர்னல் நிரலில் சுமார் 9000 வரிகளுக்கு எண் போட்டு அச்சிட்டு, மாணவர்களுக்காக ஒரு விளக்கவுரையும் எழுதினார். அதில் 2238-ஆவது வரி ஒரு கமெண்ட். ‘இது உங்களுக்குப் புரியும்னு எதிர்பார்க்கலை’ என்பது அதன் பொருள்.

பலர் இதைத் திமிர் என்று நினைத்தார்கள். ‘இது பரீட்சைக்கு வராது’ என்கிற தொனியில் எழுதியதுதான் என்று டென்னிஸ் ரிட்சி பிற்பாடு விளக்கினார். உண்மையில் அந்த இடம் தங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒரு ப்ராசஸை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் இடம் அது. நிலையைச் சேமித்து வைத்தது ஒரு ஃபங்ஷன். அதை வைத்துத் திரும்பிப் போவது வேறொரு ஃபங்ஷன். பிடிபி-11 கம்பைலர் எல்லா ஃபங்ஷனுக்கும் ஒரே மாதிரி சேமித்ததால் பிழைச்சுது. இன்டர்டேட்டா கணினியின் கம்பைலரோ, எந்தெந்த ரெஜிஸ்டர்களைச் சேமித்தது என்பதைப் பொறுத்துத் திரும்பும் விதத்தை மாற்றியது. அங்கே கொண்டுபோனபோது குட்டு வெளிப்பட்டது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் அந்த ஏற்பாட்டையே மாற்றி எழுதினார்கள்.

ஒன்றைக் கவனிங்க. நிரல் அங்கே என்ன செய்கிறது என்கிற விளக்கம் அந்த வரிக்கு மேலேயே இருந்தது, சரியாகவும் இருந்தது. எதை நம்பி அது ஓடுகிறது என்பதுதான் எழுதப்படவில்லை.

ஏழாம் பதிப்பின் உரிமம், நிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தத் தடை போட்டது. லயன்ஸின் உரை நகல் மேல் நகலாகக் கைமாறி, 1996இல்தான் புத்தகமாக வெளியானது. நிரலே கையில் இருந்தவர்களும் அதைத் தேடிப் படித்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்க.

‘என்ன செய்கிறது’ என்பதை மெனக்கெட்டுப் படித்தால் நிரலிலிருந்தே எடுத்துவிடலாம். ‘ஏன் இப்படி, எதை நம்பி’ என்பது எழுதினவர் தலையில் மட்டும் இருப்பது. அவர் வேறு வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போயிடும். கமெண்டில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.