எண்ணியவர்கள் காவலர்களான கதை: மைசூரு அமெச்சூர் இயற்கையாளர்களும் கொக்கரே பெள்ளூரும்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில், சந்தை நெரிசலைத் தாண்டி மேற்கே நடந்தால் குக்கரஹள்ளி ஏரிக்கரையை அடைந்துவிடலாம். நகரத்தின் நடுவிலிருந்து நடந்தே போகக்கூடிய அந்த நீரில் கூழைக்கடாக்களைப் பார்க்க முடியும். பறவை பார்ப்பதைப் பிழைப்பாகக் கொள்ளாத மக்கள், அதையே தங்கள் பொறுப்பாக எப்படி ஏற்றார்கள்? மைசூரு வட்டாரத்தில் நிகழ்ந்த அந்த மாற்றத்தை இக்கட்டுரை மூன்று கட்டங்களாக ஆராய்கிறது.

அரசர் ஆணையிட்ட காலம்

சாலிம் அலி 1939-40இல் மைசூரு சமஸ்தானத்தின் பறவைகளை ஆய்வு செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய காவிரித் தீவுகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதை அவர் எடுத்துச் சொன்னதன் பேரில், 1940இல் ரங்கனத்திட்டு சரணாலயமானது. நிபுணர் கண்டார், மன்னர் ஆணையிட்டார். கரையோரத்து மக்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கவில்லை.

நோட்டும் தொலைநோக்கியும்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1960இல் ஜாபர் ஃபுதேஹல்லி பறவை ஆர்வலர்களுக்கென ஒரு செய்திமடலைத் தொடங்கினார். 1972இல் பெங்களூரில் பறவை நோக்குவோர் கழகம் உருவாயிற்று. மைசூரில் இதே ஆர்வம் கொண்டவர்கள் 'மைசூரு அமெச்சூர் இயற்கையாளர்கள்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். 1987இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியபின், ஜனவரி மாத ஏரிப் பயணம் இத்தகைய குழுக்களின் ஆண்டுக் கடமையாகிவிட்டது.

வேலை எளிது, பொறுமைதான் பெரிது. விடியலில் ஏரிக்கரையில் நின்று, இனம் பிரித்து, எண்ணி, நோட்டில் குறிக்க வேண்டும். ஏரி வற்றிக் கிடந்தால் 'பறவை இல்லை' என்றும் எழுத வேண்டும். அந்த வெற்று வரியும் ஒரு சான்றே. சம்பளமின்றி ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிவரும் மனிதரால்தான் அத்தகைய பதிவு கிடைக்கும். 2014இல் தொடங்கிய மைசூரு நகரப் பறவை வரைபடப் பணிக்கும் தன்னார்வலர்களின் இந்த உழைப்பே அடித்தளம்.

புளியமரத்தடியில்

மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில், சிம்ஷா ஆற்றுக்கு அருகில் உள்ள சிற்றூர் கொக்கரே பெள்ளூர். அங்கே கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வீட்டு வாசலில் நிற்கும் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள்களாக ஊரார் அவற்றைக் கருதுகிறார்கள். எச்சம் உரமாகிறது. அதே எச்சத்தால் புளி மகசூல் கெடுகிறது என்பதால் உறவில் நெருடலும் உண்டு. 1976இல் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் இந்த ஊரின் கூடுகளை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

1990களின் நடுவில் மைசூருக் குழுவைச் சேர்ந்த கே. மனு இங்கே பணியைத் தொடங்கினார். கவனம் சென்றது கூட்டிலிருந்து விழும் குஞ்சுகள் மீது. உயரத்திலிருந்து தரையில் விழுந்த கூழைக்கடாக் குஞ்சு தானாக இரை தேடாது. தாய்ப்பறவையும் கீழிறங்கி ஊட்டாது. நாய்க்கும் பசிக்கும் இடையே அதற்கு வேறு வழியில்லை. ஊர் இளைஞர்கள் 'ஹெஜ்ஜார்லெ பளக' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். கூழைக்கடாவைக் கன்னடத்தில் ஹெஜ்ஜார்லெ என்பார்கள். விழுந்த குஞ்சுகளை அடைப்பில் வைத்து, மீன் ஊட்டி, பறக்கும் பருவம் வரை வளர்த்து விட்டார்கள். இந்த அனுபவத்தை மனுவும் சாரா ஜாலியும் 2000இல் ஆவணமாக வெளியிட்டனர்.

2002ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தம் 'சமுதாயக் காப்பகம்' என்ற வகையை ஏற்படுத்தியது. 2007இல் கொக்கரே பெள்ளூருக்கு அந்தத் தகுதி கிடைத்தது. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊர் தன் காவலைத் தொடங்கிவிட்டிருந்தது.

முடிவு

ரங்கனத்திட்டில் ஆணை மேலிருந்து வந்தது. கொக்கரே பெள்ளூரில் அக்கறை ஊருக்குள்ளிருந்தே எழுந்தது, மைசூருக் குழு அதற்கு முறையும் துணையும் தந்தது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கிராமத்தாரே பறவைகளைக் காத்துவந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 'அமெச்சூர்' என்ற சொல்லை அரைகுறை என்ற பொருளில் நாம் பயன்படுத்துவது தவறு. இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், கூலி கேட்காமல் கவனித்தவர்கள் என்பதே. புளியமரத்தடியில் விழுந்த குஞ்சுக்கு யாரோ ஒருவர் மீன் எடுத்துவந்தபோது, அந்தக் கவனிப்பு ஒரு ஊரின் பொதுப் பொறுப்பாயிற்று.