பனி நாட்டில் கார் கிளம்பிய கதை



நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்கு மழையால் தொல்லை உண்டு. செம்மண் சேற்றால் தொல்லை உண்டு. குளிரால் தொல்லை என்று யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படுகிறவர் மோட்டார் சைக்கிளை இரண்டு உதை உதைத்தால் அது கிளம்பிவிடுகிறது. ஆனால், உலகின் வட பகுதியில், இரவெல்லாம் வெளியில் நின்ற ஒரு காரைக் காலையில் கிளப்புவது பெரும்பாடாக இருந்தது. அந்தப் பாட்டை மக்கள் எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்ற வரலாற்றை இன்று காண்போம்.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? கேமரன் மலையின் காலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடப்பதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அது உறைய 24 பாகை செல்சியஸ் போதும். தண்ணீர் உறைய 0 பாகை வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் மீன் கல்லாக இறுகும் மேல்தட்டில், 0-க்குக் கீழே ஏறத்தாழ 18 பாகைக் குளிர் இருக்கும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், பார்ஷல் என்ற ஊரில், 1936 பிப்ரவரியில் 0-க்குக் கீழே 51 பாகை பதிவாயிற்று. கனடாவின் யூக்கோன் பகுதியில் ஸ்நாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரியில் 63 பாகை பதிவாயிற்று. இவ்வளவு குளிரிலும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள், உழைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

இக்குளிர் காரை என்ன செய்கிறது? நான்கு வகையில் அதைத் தாக்குகிறது. முதலாவது, இஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் தடித்துப் பாகுபோல் ஆகிறது. அதற்குள் சுழலவேண்டிய இரும்புப் பாகங்கள் அசைய மறுக்கின்றன. இரண்டாவது, பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பெட்ரோல் தீப்பற்றாது. மூன்றாவது, பேட்டரியின் வலிமை குறைகிறது. 0-க்குக் கீழே 18 பாகையில் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. வேலை அதிகமாகும் நேரத்தில் வேலையாளுக்குக் காய்ச்சல் வந்தது போன்ற நிலைதான் அது. நான்காவது, ரேடியேட்டரிலும் இஞ்சினிலும் உள்ள தண்ணீர் உறைகிறது. தண்ணீர் உறையும்போது சுருங்குவதில்லை. ஏறத்தாழ நூற்றில் 9 பங்கு விரிகிறது. அந்த விரிவைத் தாங்காமல் வார்ப்பிரும்பும் வெடித்துவிடும். ஒரே இரவில் இஞ்சின் பாழாகிவிடும்.

போர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்ற காரை 1 கோடியே 50 இலட்சம் அளவில் செய்து விற்றது. வட அமெரிக்க விவசாயிகள் பலருக்கும் முதல் கார் அதுவே. முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கையால் சுழற்றி அதைக் கிளப்பவேண்டும். குளிர்காலத்தில் விவசாயி என்ன செய்தார்? மாலையில் வீடு திரும்பியதும் தண்ணீரை வடித்துவிடுவார். இஞ்சின் எண்ணெயையும் ஒரு பாத்திரத்தில் வடித்து வீட்டுக்குள் எடுத்துச் செல்வார். காலையில் அந்த எண்ணெயை அடுப்பில் சூடாக்கி, வெந்நீரோடு கொண்டுபோய் இஞ்சினில் ஊற்றிக் கைப்பிடியைச் சுழற்றுவார். சில நேரங்களில் கைப்பிடி திருப்பி உதைத்துக் கையை முறித்துவிடுவதும் உண்டு. சிலர் இஞ்சினுக்கு அடியில் நெருப்புத் தணலை வைத்தார்கள். பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பு! இதன் ஆபத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவு துன்பப்பட்டு ஏன் கிளப்பவேண்டும், வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். நோய் குளிரைப் பார்த்து நிற்பதில்லை. 1928 டிசம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தின் வட கோடியில் தொண்டை அடைப்பான் நோய் தோன்றியது. மருத்துவரிடம் போதிய மருந்து இல்லை. செய்தி கொண்டு சென்றவர்கள் பனியில் பல நாள் பயணம் செய்து, தந்தி உள்ள ஊரை அடைந்தார்கள். 1929 ஜனவரி 2-ஆம் நாள், வாப் மே, விக் ஹார்னர் என்ற இரு விமானிகள் எட்மன்டன் நகரிலிருந்து மேல்மூடி இல்லாத ஒரு சிறு விமானத்தில் மருந்தோடு புறப்பட்டார்கள். மறுநாள் அம்மருந்து போர்ட் வெர்மிலியன் என்ற ஊரைச் சென்றடைந்தது. இத்தகைய வடபுல விமானிகளும் விவசாயிகளைப் போலவே இரவில் எண்ணெயை வடித்து, காலையில் காய்ச்சி ஊற்றினார்கள். இஞ்சின்மேல் கித்தான் துணியைப் போர்த்தி, அடியில் அடுப்பு வைத்துச் சூடாக்கினார்கள். இஞ்சின் கிளம்புவதும் கிளம்பாததும் அங்கே உயிர்ப் பிரச்சினை.

இதற்கிடையே அறிவியலும் தன் பங்கைச் செய்துகொண்டிருந்தது. சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின்சாரக் கிளப்பி 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்தது. பித்தானை அழுத்தினால் போதும்; கைப்பிடி தேவையில்லை. ஆனால், அந்தக் கிளப்பி பேட்டரியை நம்பியிருந்தது; பேட்டரியோ குளிருக்கு அஞ்சியது. 1927-இல் கிளைக்கால் என்ற நீர்மம் 'பிரஸ்டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதைத் தண்ணீரோடு கலந்தால் கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. இஞ்சின் வெடிக்கும் பயம் நீங்கிற்று. ஆயினும் தடித்துப்போன எண்ணெய் தடித்தேதான் இருந்தது.

1941-ஆம் ஆண்டின் இறுதியில் இக்குறை உலகறிய வெளிப்பட்டது. மாஸ்கோ நகரை நெருங்கிய ஜெர்மானியப் படையின் லோரிகளும் டாங்கிகளும் ரஷ்யக் குளிரில் கிளம்ப மறுத்தன. போர்வீரர்கள் அவற்றின் அடியில் தீ மூட்டினார்கள். இரவெல்லாம் அடிக்கடி இஞ்சினை ஓடவிட்டு எரிபொருளைக் கரைத்தார்கள். அந்தப் படை பின்வாங்கியதற்குக் காரணங்கள் பல; குளிரும் அவற்றுள் ஒன்று.

நெருப்பின் ஆபத்து இல்லாமல் இஞ்சினைச் சூடாக்க வழி என்ன? மின்சாரமே வழி. ஆனால், 1930-களின் நடுவில் அமெரிக்க விவசாயப் பண்ணைகளில் நூற்றுக்குப் பத்து அளவில்தான் மின்சாரம் இருந்தது. மைல் கணக்கில் கம்பி இழுத்து ஒரு வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் இலாபம் வராது என்று மின்சார நிறுவனங்கள் கருதின. தோட்டத்து லயங்களுக்கு, இஞ்சின் வீட்டிலிருந்து மாலையில் சில மணி நேரம் மட்டுமே விளக்கு எரிந்த காலத்தை அறிந்த நம் பெரியவர்களுக்கு அந்த விவசாயிகளின் மனம் நன்றாகப் புரியும். 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் கிராம மின்மயத் துறையை அமைத்துக் கடன் கொடுக்க முன்வந்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கடன் பெற்று, தாங்களே உரிமையாளராக இருந்து கம்பி இழுத்தார்கள்.

அவ்வாறு 1940-இல் தோன்றியதே, வடக்கு டகோட்டாவின் கிராண்ட் போர்க்ஸ் நகரில் உள்ள மின்கோட்டா மின்சாரக் கூட்டுறவுச் சங்கம். அதன் நிர்வாகியாக இருந்தவர் ஆண்ட்ரூ பிரீமன். குளிரில் கிளம்பாத காரின் தொல்லையை அவரும் அறிந்தவர். பழைய செம்புக் குழாயையும், பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடேறும் கம்பியையும் கொண்டு ஒரு சிறு கருவியைச் செய்தார். இஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இக்கருவியைத் திருகினார். இரவில் மின்சாரத்தில் இணைத்தார். காலையில் இஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது, கார் கிளம்பிற்று. 1949 நவம்பர் 8-ஆம் நாள் இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்தது.

பிற்காலத்தில் வந்த சூடாக்கிகள் இஞ்சினைச் சுற்றியுள்ள நீர்மத்தையே சூடாக்கின. வார்ப்பிரும்பை வார்க்கும்போது ஏற்படும் துளை ஒன்றில் அவை பொருத்தப்பட்டன. அடியில் சூடான நீர்மம் இலேசாகி மேலே எழும்; குளிர்ந்தது கீழே இறங்கும். சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்கும் முறையும் இதுவே. ஏறத்தாழ 400 முதல் 1000 வாட் மின்சாரம் போதும். இஸ்திரிப் பெட்டிக்கு ஆகும் செலவுக்கு மேல் ஆகாது. இரவு முழுவதும் எரியவேண்டியதும் இல்லை; புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தொடங்கினால் போதும். அதற்கென நேரம் குறிக்கும் கடிகாரச் சுவிட்ச் உண்டு.

இன்று கனடாவின் வின்னிபெக், எட்மன்டன் போன்ற நகரங்களிலும், அலாஸ்காவின் பேர்பேங்க்ஸ் நகரிலும், பின்லாந்திலும் கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்கம்பங்கள் நிற்கின்றன. காரின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக அங்கே செல்பவர்கள் அதை மின்சாரத்தில் ஓடும் கார் என்றே எண்ணிவிடுகிறார்கள்! சூடாக்கியால் இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்ந்த இஞ்சின் கிளம்பும்போது நச்சுப்புகையை மிகுதியாகக் கக்கும். முன்பே சூடான இஞ்சின் அவ்வளவு கக்காது. பேர்பேங்க்ஸில் காற்று கெடாமலிருக்கக் கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. மாறாக, சைபீரியாவின் யாக்கூட்ஸ்க் நகரில், மறுபடியும் கிளம்பாது என்று அஞ்சி, மணிக்கணக்கில் இஞ்சினை அணைக்காமல் விடும் வழக்கம் இன்றும் உண்டு. எவ்வளவு எரிபொருள் வீணாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேயர்களே, பெரிய கைப்பிடியும் பெரிய நெருப்பும் வெல்லாத குளிரை ஒரு விரலளவுக் கருவி வென்றது. இடர் வந்தபின் முட்டி மோதாமல், இரவிலேயே அது தன் வேலையைச் செய்தது. ஆனால், பிரீமனின் கருவி தனியாக வெல்லவில்லை. சுவரில் மின்சாரம் இல்லாத வீட்டில் அது வெறும் செம்புத் துண்டுதான். இலாபம் வராது என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்துக்கு, அந்த விவசாயிகள் ஒன்றுகூடி மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே ஒருவரின் அறிவு ஊருக்கெல்லாம் பயன்பட்டது. பிள்ளைகளுக்குக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கும்போது, கம்பி இழுத்த கைகளையும் நாம் சேர்த்துச் சொல்வோம்.