துணைவஞ்சி

போரை ஏற்க மறுப்போரை ஆங்கிலத்தில் 'பாசிபிஸ்டு' என்பர். சமாதானத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1901-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய உலகச் சமாதான மாநாட்டில் எமில் ஆர்னோ என்னும் பிரெஞ்சுக்காரர் இதனை வழக்கிற்குக் கொணர்ந்தார். 1916-இல் பிரிட்டனில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தபோது, 'மனச்சான்றின் பேரால் மறுப்போர்' என்ற பெயரும் பரவியது. இரண்டும் ஆளைக் குறிக்கும் பெயர்கள்.

தமிழ் மரபோ செயலுக்குப் பெயரிட்டது. வஞ்சி என்பது மண்ணாசையால் பகைவர் நாட்டின்மேல் படையெடுத்துச் செல்வது. வெல்லவோ கொல்லவோ துணிந்து நின்றவனைத் தடுத்துச் சந்து செய்வித்தல் துணைவஞ்சி எனப்படும். புறநானூற்றுப் பாடல்களுக்குத் துறை வகுத்தோர், படையெடுப்பைக் கூறும் திணைக்குள்ளேயே அதனைத் தடுக்கும் குரலுக்கும் இடமளித்தனர்.

அக்குரலுக்கு உரியவர்களுள் தலையாயவர் கோவூர்கிழார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியும், உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடியினர். எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்று அவ்விருவருக்கும் எடுத்துரைத்தார்.

நாகலூரும் ஏற்காடும் அமைந்த சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, பெண்ணையாற்றங்கரையில் உள்ளது மலையமானின் திருக்கோவலூர். அம்மலையமானின் சிறு மக்களை யானைக்கு இடத் துணிந்தான் கிள்ளிவளவன். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்ற அக்குழந்தைகளின் நிலையைச் சொல்லி, அவர்களை உய்யக் கொண்டார் கோவூர்கிழார். படையில்லாத புலவர், சினங்கொண்ட வேந்தன்முன் நின்று பேசினார். தம் கை கறைபடாமல் ஒதுங்கி நிற்பதோடு அவர் அமையவில்லை.

இம்மரபு சங்க காலத்தோடு முடிந்ததா? சேர்வராயன் மலையை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில் 1878-இல் தொரப்பள்ளியில் பிறந்தவர் இராஜாஜி. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராய் இருந்தவர். 1962 செப்டம்பரில், தமது 83-ஆம் வயதில், வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டினார். அப்போது அவர் எந்த அரசுப் பதவியிலும் இல்லை. அவர் கொண்டு சென்றது சொல் ஒன்றே. கோவூர்கிழாரிடம் இருந்ததும் அதுவே.

போரைத் தடுப்பவனை அரசனுக்குப் பகைவன் என்று கருதுவது எளிது. அவன் செயலைத் துணை என்று அழைத்தது தமிழ். அச்சொல்லை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.