லேபிளில் இல்லாத கை: ரிது குமாரும் இந்திய உயர்தையலின் வரலாறும்

பெங்களூர் காக்ஸ் டவுனில், மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னத் தையல் கடை. முன்பக்கம் இரண்டு மெஷின், ஆணியில் தொங்கும் அளவு ஜாக்கெட்டுகள், ஓரம் கிழிந்த அளவு நோட்டு. திரைக்குப் பின்னால் நாலு காலில் நிற்கும் ஆரிச் சட்டம். கல்யாண ப்ளவுஸுக்கான பட்டுத் துணி அதில் உடுக்கைத் தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். டிசைனைப் பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைப் பஞ்சால் தேய்ப்பார்கள். பேப்பரை எடுத்தால் மயிலும் மாங்காயும் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கியிருக்கும். அதன் பிறகுதான் ஊசி. மேலே வலது கை ஆரி என்ற கொக்கி ஊசியை இறக்கும். சட்டத்துக்கு அடியில் இடது கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கும். எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு மேல் கை மட்டுமே தெரியும்.

இந்திய உயர்தையலின் வரலாற்றை அந்தக் கீழ்க் கையின் பக்கமிருந்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி. அதற்கு நான் எடுத்துக்கொண்ட வாழ்க்கை ரிது குமாருடையது. இந்தியாவில் ஆடை வடிவமைப்பைத் தன் பெயர் தாங்கிய தொழிலாக முதன்முதலில் நிலைநிறுத்தியவர்களில் அவர் ஒருவர். ஆனால் அவருக்கு முன்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியாது.

காக்ஸ் டவுன், பெங்களூரின் படைக் குடியிருப்பான தண்டுப் பகுதியின் பிள்ளை. 1809-ல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். படையின் பின்னால் சென்னை மாகாணத் தமிழர்களும் பெருந்திரளாக வந்தார்கள்: வணிகர், கட்டட வேலைக்காரர், சமையல்காரர், தையல்காரர். 1898-ல் பிளேக் நோய் ஊரைக் கலைத்துப் போட்ட பிறகு நெரிசலில்லாத புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் அவற்றுக்கு வைக்கப்பட்டன. ஃப்ரேசர் டவுனும் காக்ஸ் டவுனும் அப்படிப் பெயர் பெற்றவைதான். பங்களா வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து, துரைசானியின் பழைய கவுனைப் பிரித்துப் பார்த்து, அதே வெட்டில் புதியது தைத்துக் கொடுத்த தையல்காரரை அந்தக் காலத்து ஆங்கிலேய இல்லக் குறிப்புகள் அடிக்கடி பேசுகின்றன. பேசுவது தொழிலின் பெயரைச் சொல்லித்தான். ஊருக்குப் பெயர் கொடுத்த அதிகாரியை நாம் தினமும் உச்சரிக்கிறோம். அவர் வீட்டுத் துணியைத் தைத்தவர் யாரென்று எந்தப் பலகையும் சொல்லாது.

அதே காலத்தில் பாரிஸில் நேர்மாறான ஒன்று நடந்தது. சார்லஸ் ஃப்ரெடெரிக் வொர்த், 1825-ல் இங்கிலாந்தின் பௌர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர், துணிக்கடைச் சிப்பந்தியாகப் பாரிஸ் சேர்ந்து, 1858-ல் பொபெர்க் என்ற கூட்டாளியோடு சொந்த நிறுவனம் தொடங்கினார். அதுவரை சீமாட்டி துணி எடுத்துக் கொடுத்து, எப்படி வேண்டுமென்று சொல்வாள், தையற்காரி தைப்பாள். வொர்த் அந்த முறையைத் தலைகீழாகப் புரட்டினார். வடிவத்தை அவர் தீர்மானித்தார், உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டினார், விரும்பியவர்கள் அதைத் தங்கள் அளவுக்குத் தைத்து வாங்கிக்கொண்டார்கள். ஓவியன் படத்தில் கையெழுத்திடுவதுபோல, உடையின் உட்பக்கம் தன் பெயரைத் தைத்து வைத்தார். பேரரசி யூஜீனியே அவர் வாடிக்கையாளர் ஆனார். ஓத் கூத்யூர், அதாவது உயர்தையல், அங்கிருந்து பிறந்தது. இன்று பிரான்ஸில் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாரிஸில் தையற்கூடம், தனி அளவுக்குத் தைத்தல், ஆண்டுக்கு 2 தொகுப்புகள் என்று 1945 முதல் விதிகள் இருக்கின்றன. என் பார்வையில் இவை எல்லாவற்றுக்கும் அடிக்கல் அந்தச் சின்ன லேபிள்தான்.

அந்த லேபிளும் இந்தியக் கையும் சந்தித்த இடம் ஒரு மயில் உடை. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டைக் கொண்டாட நடந்த 1903 டில்லி தர்பாரின்போது, செங்கோட்டை நடன விருந்துக்கு வைஸ்ராயின் மனைவி மேரி கர்சன் அதை உடுத்தி வந்தார். மெல்லிய ஷிஃபான் துண்டுகளில் இந்தியக் கைவினைஞர்கள் பொன், வெள்ளி ஜரிகையால் மயில் இறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஸர்தோஸி வேலையில் இழைத்தார்கள். ஒவ்வோர் இறகின் கண்ணிலும் பச்சை மின்னும் பொன்வண்டின் சிறகு. துண்டுகள் கப்பலேறிப் பாரிஸ் போய், வொர்த்தின் மகன் ஜான் ஃபிலிப் நடத்திய கூடத்தில் உடையாயின. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை. இன்றும் அது இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. உலகம் அதை வொர்த் உடை என்றே நெடுங்காலம் அறிந்திருந்தது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் இறகு ஒன்றுகூட வொர்த்தின் கூடத்தில் தைத்ததில்லை.

ரிது குமார் 1944-ல் அமிர்தசரஸில் பிறந்தார். டில்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்தார். பிறகு அமெரிக்காவின் பிரையர்கிளிஃப் கல்லூரியில் கலை வரலாறு. ஊர் திரும்பி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகத்தில் அருங்காட்சியகவியல் கற்றார். இந்தக் கடைசிப் படிப்பு அவர் தொழிலுக்கே திறவுகோல் என்பது என் கருத்து. தையல் பள்ளியிலிருந்து வந்தவர் வெட்டிலிருந்து தொடங்குவார். அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர் துணியிலிருந்து தொடங்குகிறார்: இது எங்கே நெய்தது, இந்த அச்சு எந்தக் கட்டையில் விழுந்தது, இந்தத் தையல் ஏன் நின்றுபோனது?

1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு அருகே, 1845 வரை டேனிஷ்காரர்கள் வசமிருந்த ஸ்ரீராம்பூரில், வேலையற்றுக் கிடந்த அச்சுத் தொழிலாளர்களை அவர் கண்டார். அச்சுக்கட்டைகள் இருந்தன, அச்சடிக்கச் சொல்வார் இல்லை. 4 அச்சுக்காரர்கள், 2 மேசை: அவர் தொழில் அவ்வளவில்தான் ஆரம்பித்தது. அடுத்து ஹௌரா மாவட்டத்து ராணிஹாட்டியில் ஸர்தோஸிக்காரர்கள். நவாப்களும் மன்னர்களும் போன பிறகு அவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. மயில் உடைக்கு இறகு போட்ட அதே கலை, இரண்டு தலைமுறைக்குள் கூலியற்றுப் போயிருந்தது. பழைய அரசவை உடைகளில் கண்ட கொடிகளையும் பூக்களையும் எடுத்துக்கொடுத்து, மணப்பெண் உடைகளில் அவர்களை மறுபடி ஊசி பிடிக்க வைத்தார்.

இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். அன்றைய வசதியுள்ள வீடுகளில் வெளிநாட்டுச் சரக்குக்கே மவுசு. நெசவும் கைவேலையும் அரசு எம்போரியங்களில் கைவினைப் பொருளாக விற்கப்பட்டன. ஒரு பெயரின் கீழ், இது என் வடிவம் என்று பொறுப்பேற்று, பொட்டிக் வைத்து விற்கும் வழக்கம் இந்தியாவில் அரிது. வொர்த் பாரிஸில் செய்ததை இவர் இங்கே செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. வொர்த் தையற்காரியின் இடத்தைத் தான் எடுத்துக்கொண்டார். ரிது குமாரோ காலியாகக் கிடந்த இடத்துக்குக் கைவினைஞரைத் திரும்ப அழைத்து வந்தார்.

அந்தத் தேடலின் பதிவுதான் 1999-ல் வெளிவந்த அவருடைய நூல்: இந்திய அரச குடும்பங்களின் உடைகளையும் துணிகளையும் பற்றிய பெருந்தொகுப்பு. ஒரு வடிவமைப்பாளர் தன் உடைகளின் ஆல்பம் போடாமல், தனக்கு முன்னால் இருந்தவர்களின் உடைகளுக்கு நூல் எழுதியது எனக்கு இன்றும் மதிப்புக்குரிய செயலாகப் படுகிறது. சர்வதேச அழகிப் போட்டிகளுக்குச் சென்ற இந்தியப் பெண்களுக்கு உடை அமைத்ததால் அவர் பெயர் வீடுதோறும் சென்றது. 2002-ல் இளையவர்களுக்கான தனி வரிசை தொடங்கப்பட்டது. பிரான்ஸ் அரசின் செவாலியே விருதும், 2013-ல் பத்மஸ்ரீயும் வந்தன. 2021-ல் நிறுவனத்தின் 52 சதவீதப் பங்கு ரிலையன்ஸ் ரீடெய்ல் கைக்குப் போனது.

அவர் தனியாகத் தொடங்கியதற்கு நிறுவனங்கள் பின்னால் வந்தன. தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட் 1986-ல் டில்லியில்; சென்னைக்கு 1995-ல், பெங்களூருக்கு 1997-ல். வடிவமைப்பாளர் பேரவை 1998-ல், முதல் ஃபேஷன் வீக் 2000-ல்.

தமிழ் வாசகர் அறிய வேண்டிய இன்னொரு கிளை சென்னையில் இருக்கிறது. வொர்த்துக்கு எம்பிராய்டரி செய்துகொடுத்த மிஷோனே நிறுவனத்தை 1924-ல் ஆல்பெர் லெசாஜ் வாங்கினார். அவர் மகன் ஃப்ரான்ஸ்வா காலத்தில் லெசாஜ் பாரிஸின் தலைசிறந்த எம்பிராய்டரிக் கூடமாக விளங்கியது. ஃப்ரான்ஸ்வாவின் மகன் ஜான் ஃப்ரான்ஸ்வா லெசாஜ் 1993-ல் சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு வஸ்திரகலா என்ற கூடத்தை நிறுவினார். வொர்த்தின் பாரிஸில் தொடங்கிய ஒரு தொழில்மரபு மூன்றாம் தலைமுறையில் தமிழ்நாட்டு ஆரிக்காரர்களின் சட்டத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

வந்து உட்கார்ந்தது என்பதைவிடத் திரும்பியது என்பதே பொருத்தம். பிரெஞ்சு உயர்தையலின் பெருமைக்குரிய லூனெவில் கொக்கி நம் ஆரியின் நெருங்கிய உறவு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன கீழைநாட்டுச் சங்கிலித் தையலின் வழிவந்தது. செய்முறையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லூனெவில்காரர் மணி கோக்கும்போது துணியின் மறுபக்கத்தைப் பார்த்து வேலை செய்வார். மணிகள் அடியில் விழும். நம்மவர் நேர்பக்கத்திலேயே, பூ மலர்வதைப் பார்த்துக்கொண்டே போடுவார். அங்கும் டிசைனை இறக்குவது ஊசி குத்திய தாளும் பவுடரும்தான். காக்ஸ் டவுன் சந்தில் பார்க்கும் அதே காட்சி.

2020 ஜனவரியில் ராகுல் மிஸ்ரா, பாரிஸ் ஓத் கூத்யூர் வாரத்தில் பங்கேற்ற முதல் இந்திய வடிவமைப்பாளர் ஆனார். 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் தன் தொகுப்பை மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் காட்டி, அதில் பணியாற்றிய சாணக்யா எம்பிராய்டரிக் கூடத்தின் பெயரை வெளிப்படையாகச் சொன்னது. 1903-லிருந்து கணக்கிட்டால் சரியாக 120 ஆண்டு. ஒரு கூடத்தின் பெயர் வெளியே வர அத்தனை காலம் பிடித்திருக்கிறது. லக்னோ ஸர்தோஸிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. ஊசி பிடித்தவரின் பெயர் அதிலும் இல்லை.

ரிது குமாரின் சாதனையை நான் குறைக்கவில்லை. செத்துக்கொண்டிருந்த கலைக்குக் கூலியும் மரியாதையும் மீட்டுக் கொடுத்தவர் அவர். வொர்த் தொடங்கி வைத்த லேபிளில் மட்டும் அவரும் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் வைத்தார். மீதி வேலை நம்முடையது. காக்ஸ் டவுனிலோ காஞ்சிபுரத்திலோ அடுத்த முறை ஆரி ப்ளவுஸ் வாங்கப் போனால், போட்டவர் யார் என்று கேளுங்கள். பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.