சாபர்மதிக் கரைப் பாதை

ஒரு நகரின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஏடுகளைப் புரட்டுவதோடு அமையாமல், அந்நகரின் ஆற்றங்கரையிலும் சிறிது நடத்தல் நன்று. நாம் பிழைப்பு நாடி வந்து நிலைத்துவிட்ட அகமதாபாத் நகரில் அதற்கு நல்ல வாய்ப்பு அமைந்துள்ளது. சாபர்மதியின் இரு கரைகளிலும், கரைக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டராக, பாதை நீண்டு செல்கிறது. நீரை ஒட்டிய கீழ்த்தளம் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரியது. விடுமுறை நாட்களில் நம் சங்கத்து அன்பர் பலர் மனைவி மக்களோடு அங்கே உலவுகின்றனர். பாதையின் அழகைக் கண்ட அளவுக்கு அதன் பழமையை நாம் கண்டோமா என்பதே என் வினா.

மேற்குக் கரையில் எல்லிஸ் பாலத்தருகே தொடங்கி, நீரோட்டத்திற்கு எதிராக வடக்கு நோக்கிச் செல்வோம். இவ்விடத்தில் 1870-71இல் கட்டப்பட்ட முதற்பாலத்தின் பெரும்பகுதியை 1875ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. இன்று காணும் இரும்புப் பாலம் 1892இல் எழுந்தது. அதைக் கட்டிய பொறியாளர் இமத்லால் தீரஜ்ராம் பசேச் என்பவர். மதிப்பீடு ஐந்து இலட்சம் ரூபாய். முடிந்த செலவோ நான்கு இலட்சத்து ஏழாயிரம். மிச்சம் பிடித்தவரைப் பாராட்ட வேண்டியிருக்க, மட்டமான பொருளைப் பயன்படுத்தியிருப்பாரோ என ஐயுற்று விசாரணை நடத்தினர்! வேலை செம்மையானது என்று தெளிந்தபின் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கினர். கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இச்செய்தி ஒரு தனி ஆறுதல். 1999இல் அதன் இருபுறமும் புதிய பாலங்கள் அமைந்தன. பழைய பாலம் நினைவுச் சின்னமாக நடுவே நிற்கிறது.

பாலத்தின் கிழக்கு முனையில் உள்ளது மாணேக் புர்ஜ் என்னும் கொத்தளம். 1411இல் சுல்தான் அகமது ஷா நகருக்குக் கால்கோள் செய்த இடம் இது என்பர். அக்கரையிலேயே ஞாயிறுதோறும் குஜரிச் சந்தை கூடுகிறது. பழைய பூட்டு முதல் பழைய புத்தகம் வரை அங்கே விலைக்குக் கிடைக்கும்.

பாலத்தின் மேற்கு முனைக்குச் சற்றுத் தெற்கே இருப்பது கோச்ரப். தமிழர் மறக்கலாகாத இடம் அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915 மே 25ஆம் நாள் தம் முதல் ஆசிரமத்தை இங்குள்ள வாடகை மனையில் நிறுவினார். தொடக்கத்தில் அங்கிருந்தோர் ஏறத்தாழ இருபத்தைவர். அவருள் பதின்மூவர் தமிழர் என்று அண்ணலே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். ஐந்து தமிழ் இளைஞர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்தே அவருடன் வந்தவர்கள். ஆலை வேலைக்கும் ரயில் வேலைக்கும் நாம் இந்நகருக்கு வந்த கதைக்கு முன்னே, தொண்டுக்காக வந்த தமிழர் கதை ஒன்றும் இவ்வூரில் உண்டு.

மேலும் வடக்கே சென்றால் எதிர்க்கரையில் சாபூர்ப் பகுதி தோன்றும். ரண்சோட்லால் சோட்டாலால் நிறுவிய நகரின் முதற் பஞ்சாலை 1861இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. 1918இல் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, சாபூர் வாயிலுக்கு வெளியே, ஆற்றங்கரைக் கருவேல மரத்தடியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கூடினர். அவர்தம் உறுதி தளர்ந்த வேளையில் அண்ணல் உண்ணாநோன்பு மேற்கொண்டதும், மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டதும் நாடறிந்தவை.

பாதை பின்னர் நம்மைச் சாபர்மதி ஆசிரமத்தின் அடிவாரத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. கோச்ரபில் பிளேக் நோய் பரவியதால் 1917இல் ஆசிரமம் இங்கு மாறியது. 1930 மார்ச் 12ஆம் நாள் 78 தொண்டர்களோடு அண்ணல் தண்டிக்குப் புறப்பட்டதும் இங்கிருந்தே.

இனி, பாதை வந்த வரலாற்றையும் கூறுதல் வேண்டும். முன்னாளில் மழைக்காலம் நீங்கலாக ஆறு பெரும்பாலும் வறண்டே கிடக்கும். மணலில் வெள்ளரியும் முலாம்பழமும் விளைந்தன. சலவைத் தொழிலாளரும் சாயத் தொழிலாளரும் துணி உலர்த்தினர். கரையோரம் ஏழையர் குடிசைகள் நெருங்கியிருந்தன. கழிவுநீரும் அங்கேயே கலந்தது. 1997இல் ஆற்றங்கரை மேம்பாட்டுக்கெனத் தனிக் கழகம் நிறுவப்பட்டு, 2005இல் வேலை தொடங்கி, 2012இல் பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆறு 263 மீட்டர் அகலத்திற்குள் ஒடுக்கப்பட்டு, இருபுறமும் சுமார் 200 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது. இன்று தேங்கி நிற்பது நர்மதைக் கால்வாய் தரும் நீர். வாசணைக் கதவணை அதனைத் தடுத்து நிறுத்துகிறது.

பதினாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையை விட்டுப் பெயர்ந்தன. அவர்கள் உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னரே பலருக்கு மாற்று வீடு உறுதியாயிற்று. ஆயினும் பலருக்கு வட்வா போன்ற தொலைவிடங்களே கிடைத்தன. கூலி வேலைக்குச் செல்வோர்க்கு வேலையிடம் தூரமாவது, வீடு கிடைத்தும் பாதி இழப்பே. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இத்துன்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பாதை நகருக்கு ஒரு நன்மைதான். நானும் அதில் மகிழ்வோடு சைக்கிள் ஓட்டுபவன். எனினும் அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவர்கள் அதில் உலவ வர இயலாத் தொலைவில் இருக்கின்றனர் என்பதையும் வரலாற்றுக் கணக்கில் எழுதி வைத்தல் முறை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே 25ஆம் நாள் வெயில் ஏறுமுன், விடியற்காலையில், நம் பிள்ளைகளைக் கோச்ரபிலிருந்து ஆசிரமம் வரை இப்பாதை வழியே அழைத்துச் செல்லலாம். தொலைவு ஐந்தாறு கிலோமீட்டரே. சிறுவர் சைக்கிளில் வரட்டும். முதியோர் இயன்ற அளவு நடக்கட்டும். அந்தப் பதின்மூன்று தமிழரைப் பற்றியும், கருவேல மரத்தடியில் கூடிய தொழிலாளரைப் பற்றியும், கரையை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களைப் பற்றியும் ஆங்காங்கே நின்று எடுத்துரைப்போம். வீட்டில் தமிழும் வெளியில் குஜராத்தியும் பேசி வளரும் நம் மக்கள், தாம் வாழும் ஊரைத் தம் ஊராக அறிந்துகொள்ள அது துணை செய்யும்.