மேய்ப்பன் கதையும் சீஸ் யூனியனும்

முதல் தடவை ஃபோண்டூ செய்தப்போ திரிஞ்சு போச்சு. அடியில் ரப்பர் மாதிரி சீஸ், மேலே எண்ணெய். தீயைக் கூட்டியதுதான் தப்பு. அடுத்த முறை பூண்டு தேய்த்த சட்டியில் வெள்ளை ஒயினைச் சூடாக்கி, சோளமாவில் புரட்டிய க்ரூயேர் துருவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினேன். ஒயினின் அமிலம் சீஸ் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். மாவு கொழுப்பைப் பிரியவிடாது.

சாப்பிட வந்த நண்பர்களிடம், ஆல்ப்ஸ் மேய்ப்பர்கள் பனிக்காலத்தில் காய்ந்த ரொட்டியைத் தோய்த்துத் தின்றது என்று கதையும் அடித்துவிட்டேன். அப்புறம்தான் வாசித்தேன். சீஸை ஒயினில் காய்ச்சும் 1699ஆம் ஆண்டுக் குறிப்பு கிடைத்திருப்பது மலையில் அல்ல, சூரிச் நகரத்தில். க்ரூயேர் அப்போதே வெளியூருக்கு விற்ற சரக்கு. அதை ஏழை மேய்ப்பன் சட்டி சட்டியாக உருக்கியிருப்பானா?

சுவிஸ் முழுவதற்கும் இதைக் கொண்டுபோனது 1914இல் தொடங்கிய சீஸ் யூனியன். எந்தச் சீஸ், எவ்வளவு, என்ன விலை, எல்லாம் அது வைத்ததுதான் சட்டம். முப்பதுகளில் சீஸ் விற்பனையைக் கூட்ட, ஃபோண்டூவைத் தேசிய உணவு என்றே விளம்பரம் செய்தது. போர்க்கால ரேஷன் முடிந்ததும் ராணுவப் படைப்பிரிவுகளுக்குக்கூட ஃபோண்டூ சட்டிகள் போயின. 1999இல் யூனியனையே கலைத்துவிட்டார்கள்.

நண்பர்களிடம் கதையைத் திருத்திச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. சட்டியடிக் காந்தலை யார் சுரண்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.